ஆக்களுக்குச் சொல்லேலாது

கல்யாண மண்டபங்களில் விருந்து முடிந்து எல்லோரும் தத்தம் மேலங்கியைத் தேடும் நேரத்தில் அவர் வாசலுக்கு வந்துவிடுவார். கையில் வாகனச் சாவி இருக்கும். வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்.

"நீங்கள் எப்பிடிப் போறியள்?"

சொந்த வாகனத்தில் வந்தவர்களிடமும் கேட்பார். பஸ்ஸில் வந்தவர்கள் பதில் சொல்லத் தயங்கும் அந்தச் சிறு இடைவெளியை அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை. "அப்ப ஏறுங்கோ. இடமிருக்கு." அவருக்குப் பின்னால், மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அவருடைய மனைவி, எங்கள் பெரியம்மா, நிற்பார். வரும்போது முன்னிருக்கையில் வந்தவர், போகும்போது எந்த மூலையில் இருந்து போவார் என்பது அவருக்கே தெரியாது. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேரை மார்க்கம் நகர் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தபோது மண்டபம் பூட்டப்பட்டிருந்தது. பெரியம்மா வெளிப்படியில் காத்திருந்தார். "மனிசியை மறந்திட்டன் எண்டு நினைச்சியளோ? இவவுக்குத் தெரியும், நான் வருவன் எண்டு" என்று அதைப் பிறகு அவரே பகிடியாகச் சொல்லுவார். பெரியம்மாவும் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அவர் எங்களுக்கு இரத்த உறவில்லை. அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அதனால் எனக்குப் பெரியப்பா. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்திறங்கியபோது, சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த அவருடைய அடுக்குமாடி வீட்டில்தான் தங்கினோம். அங்கே இருந்தது ஒரேயொரு படுக்கையறை. அதை எங்களுக்குத் தந்துவிட்டார். எங்களுக்கு முன்பே வந்து தங்கியிருந்த இளைஞர்கள் இருவர் வரவேற்பறையில் படுத்தார்கள். பெரியம்மா சமையலறைத் தரையில் பாய் விரித்துப் படுப்பார். பிறிட்ஜின் இரைச்சல் இல்லாவிட்டால் தனக்கு நித்திரை வராது என்று அவர் என்னிடம் சொன்னார். சிறுமியாகிய நான் அதை நம்பினேன். சிறுமிப் பருவம் கடந்த பின்னரும் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை எழுதும்போது முகம் சுடுகிறது.

இத்தகைய மனிதர் பார்த்த வேலையோ, பாரங்களுக்கு எல்லை வகுக்கும் வேலை. பிறம்ரனில் அப்பா வேலை செய்த பொருட்கிடங்கிலிருந்து அவர் பாரவூர்தி ஓட்டினார். நெடுஞ்சாலையோரத்து எடை நிலையங்களில் அவருடைய வண்டி ஒருமுறைகூடத் தடுக்கப்பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஒருநாள் இன்னும் சில பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்படி மேலாளரே வந்து கெஞ்சியிருக்கிறார். பெரியப்பா வண்டியின் கதவைச் சாத்திவிட்டு, முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாராம். அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கு அதுதான் கதை.

"உந்த மனிசன்ர வாயால இல்லை எண்டு வந்ததை இண்டைக்குத்தான் என்ர காதால கேட்டன்!"

பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பெட்டிக்குச் சொல்லலாமடா. ஆக்களுக்குச் சொல்லேலாது."

ஆட்களுக்குச் சொல்ல முடியாததால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க ஒப்புக்கொள்வார். கஜன், துளசி என்ற இளந் தம்பதியர் வவுனியாவிலிருந்து வந்த நாளில் அவர்களை விமான நிலையத்தில் எதிர்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதே காலையில் யாரோ ஒருவர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று கேட்க, அதற்கும் ஓம் சொல்லிவிட்டார். அவர்கள் இருவரும் பெட்டிகளுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வாசற் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இறுதியில் பெரியம்மாதான் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய் அவர்களை அழைத்துவந்தார். பெட்டிகளோடு பனிச் சேற்றில் நடந்து வந்த துளசியிடம் பெரியப்பா, தாம் பிறகு வாங்கியிருந்த வீட்டின் வாசலிலேயே சொன்னார்: "கீழை பேஸ்மென்ற் உங்களுக்குத்தான். எத்தினை வருசம் வேணுமெண்டாலும் இருங்கோ." அவர் அதை மனதாரச் சொன்னார், அதில் ஒரு துளி பொய்யும் இல்லை.

அவர்கள் இருந்தார்கள். ஆனால் இல்லாதவர்களைப் போல இருந்தார்கள். மேலே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் துளசி கீழே குழாயைத் திறக்கமாட்டாள். கஜன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவான். அவர்களுடைய அகதி வழக்கின் விசாரணை இன்னும் வரவில்லை. நான் மேலே பெரியம்மாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் மாலைகளில் துளசி வந்தால், நாற்காலியின் நுனியில்தான் இருப்பாள். "உங்களுக்குச் சரியான கரைச்சல் குடுக்கிறம், என்ன அன்ரி?" என்று ஏதோ ஒரு சாக்கில் கேட்டுவிடுவாள். பெரியம்மா அதட்டுவார். மறுமுறையும் கேட்பாள்.

ஓய்வு பெற்ற வசந்தத்தில் பெரியப்பா ஒரு பயண ட்ரெய்லர் வாங்கத் தீர்மானித்தார். உள்ளே கட்டில்கள், சின்ன அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் உள்ள, வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் வீடு. பரீட்சைகள் முடிந்திருந்த என்னையும் கூட்டிக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனார். விற்பனையாளர் அவருடைய ஏழு இருக்கை வாகனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும், எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம் என்றார். பெரியப்பா அவரை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு சாரதியின் கதவைத் திறந்து, கதவு மூடும் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை எனக்குக் காட்டினார்.

"இழுக்கிறது பெரிய விசயமில்லைப் பிள்ளை. சுமக்கிறதுதான் விசயம். இதுதான் இவன்ர பேலோட், இவன் சுமக்கக்கூடிய பாரம். உள்ளுக்கை இருக்கிற ஆக்கள், சாமான், எல்லாம் இதுக்குள்ளை அடங்கோணும். அதோட ட்ரெய்லரின்ர மூக்கு வந்து பின்கொக்கியில குந்தும். அந்தப் பாரமும் இவன்தான் தாங்கோணும். கன பேர் அதை விட்டிட்டுக் கணக்குப் பாக்கிறது."

"அப்ப பாரத்தைப் பின்னாலை தள்ளி வைச்சால்?" என்று கேட்டேன்.

"மூக்கு லேசாகும். ஆனா வால் பாரமாப் போகும். வால் பாரமெண்டா றோட்டில பாம்பு மாதிரி ஆடும். பிறகு ஆராலும் பிடிக்கேலாது."

விற்பனையாளருக்கும் அதை ஆங்கிலத்தில் விளக்கினார். பெரிய ட்ரெய்லர்களைத் தாண்டிப் போய், சிறியதொன்றைத் தட்டிப் பார்த்து, குனிந்து அதன் அச்சைப் பார்த்து, "நாலு பேருக்கு இது அந்தமாதிரிப் பொருந்தும்" என்றார். அவரும் பெரியம்மாவும், அம்மாவும் நானும். அப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை; முதற் பயணம் போகவிருந்த ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவர் ஞாயிறு தன் காரில் நேரே வருவதாக ஏற்பாடு. கணக்கு அழகாகப் பொருந்தியது. எதையும் அளந்து பொருத்துகிறவர்களிடம் எனக்கு இயல்பாகவே ஒரு மரியாதை உண்டு. அன்று அவரை முதன்முறையாக, கடன்பட்டவள் என்ற கூச்சமின்றிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு ஒரு கிழமைகூட நிற்கவில்லை. துளசியும் கஜனும் கனடாவில் பஸ்ஸையும் தொழிற்சாலையையும் தவிர வேறொன்றையும் காணவில்லை என்று பெரியம்மா ஏதோ பேச்சில் சொல்ல, பெரியப்பா படியின் மேலே நின்று கீழே கூப்பிட்டார்: "தம்பி, லீவு சொல்லுங்கோ ரெண்டு பேரும். ஏரிக்குப் போறம்!" துளசி வேலைக்குச் சேர்ந்தபின் எடுத்த முதல் விடுப்பு அது.

புறப்படும் காலையில் நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது, பெரியம்மா வாகனத்தருகே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனப்பா, நாலு பேருக்கெண்டுதானே வாங்கினனீங்கள்? இப்ப ஆறு பேர். ஆரை விடப்போறியள்?"

"ஆரையும் விடேல்லை. சாமானை விடுவம்."

"சாமானை விட்டாக் காணுமோ?"

"நீர் சும்மா இரும். இது என்ர தொழில்."

அவர் வாகனத்தைக் கழற்றத் தொடங்கினார். சில்லு மாற்ற உதவும் ஜாக்கை எடுத்து வீட்டுக்குள் வைத்தார். இறப்பர்க் கால்விரிப்புகளை உருவினார். மேலதிகச் சில்லைக்கூட இறக்கினார். பிறகு கருவிப் பெட்டி, குடைகள், கண்ணாடி துடைக்கும் போத்தல். அம்மா என் காதருகே, "அடுத்தது எங்கட செருப்பைக் கழட்டச் சொல்லப்போறார்" என்றார். கஜன் சிரிக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நாங்கள் நிக்கிறமே. இன்னொரு நாளைக்குப் போகலாம்தானே."

"விசர்க்கதை கதையாதை தம்பி. லீவும் எடுத்தாச்சு. ஏறு, ஏறு."

வாகனத்தில் இருந்த அரிசிப் பை, இறைச்சி ஊறப்போட்ட பெட்டிகள், பெரிய கறிச்சட்டி, தண்ணீர்க் கலன்கள் எல்லாம் ட்ரெய்லருக்கு மாறின. கொக்கியின் பாரத்தைக் காட்டும் சிறு கருவியை அவர் ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். முள் மிக அதிகமாகக் காட்டியது. ட்ரெய்லருக்குள் போனார். அரிசிப் பையைத் தோளில் சுமந்து ட்ரெய்லரின் பின்கோடியில் வைத்தார். பெட்டிகளையும் கலன்களையும் அதன்மேல் அடுக்கினார். மறுபடி பார்த்தார். முள் இறங்கியிருந்தது.

"இப்ப சரி" என்றார். அதை அவர் எங்களில் எவரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மெதுவாப் போவம்."

வால் பாரமானால் என்ன ஆகும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிழை செய்கிறவரின் முகமாக அது இல்லை. பிழையென்று அறிந்துகொண்டே அதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாதவரின் முகம். என் இருக்கையில் போய் இருந்து பட்டியைப் பூட்டிக்கொண்டேன்.

ஒஷாவாவைத் தாண்டும்வரை வலப்பக்கத் தடத்தில், எல்லோரும் எங்களைக் கடந்து போகும் வேகத்தில் போனோம். துளசி கண்ணாடியோரம் இருந்து வயல்களைப் பார்த்தாள். குதிரைகள் நின்றால் கஜனின் கையைத் தட்டிக் காட்டினாள். ஒரு பெரிய பாரவூர்தி எங்களைக் கடந்தபோது அதன் காற்று ட்ரெய்லரின் பக்கத்தில் அறைந்தது. பின்னால் எங்கள் பாரம் ஒருமுறை இடப்பக்கம் போய் வந்தது. பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாக. வாகனத்தின் பின்பகுதியை யாரோ இரு கைகளாலும் பற்றி உலுப்புவது போலிருந்தது. அம்மா ஒரு தெய்வத்தின் பெயரைப் பாதியில் நிறுத்தினார். பெரியப்பா பெடலிலிருந்து காலை எடுத்தார், பிறேக்கை மிதிக்கவில்லை, ட்ரெய்லரின் பிறேக்கை மட்டும் இயக்கும் சிறு நெம்புகோலைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினார். ஆட்டம் குறைந்தது. வீதியோரச் சரளையில் நின்றோம். அவ்வளவு நேர்த்தியாக வேறெவராலும் நிறுத்தியிருக்க முடியாது. அவருடைய சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

அடுத்த வெளிவழியில் ஊர்ந்து இறங்கி, பூட்டியிருந்த ஒரு தளபாடக் கடையின் தரிப்பிடத்தில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். அவரும் கஜனும் பாரங்களைப் பின்கோடியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ட்ரெய்லர் ஒழுங்காக நின்றது. எங்கள் வாகனத்தின் பின்பகுதி தரையை நோக்கித் தாழ்ந்தது. அதில் ஆறு பேரும் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஒருவரும் தேவையில்லை. கலன்களின் தண்ணீரைக் கீழே ஊற்றினார். கரிப் பைகளைக் கடைச் சுவரோரம் வைத்தார். அரிசியைக்கூட இறக்கிப் பார்த்தார். போதவில்லை. ஆறு உடம்புகளும் கொக்கியின் பாரமும் மட்டுமே அந்த மஞ்சள் சீட்டின் எல்லையைத் தாண்டியிருந்தன.

அவர் துணியால் கைகளைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"என்னெண்டால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

கடைச் சுவரில் வெயில் அடித்தது. நாங்கள் ஐந்து பேரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொல், ஒரேயொரு சொல், பெட்டிகளுக்கு அவர் எளிதாகச் சொல்கிற சொல். அது வரவில்லை. துளசிதான் பேசினாள். அவளுடைய குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. இதற்காகவே பல மாதங்களாக அவள் ஆயத்தமாக இருந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

"அங்கிள், இஞ்சையிருந்து ஒஷாவாக்குப் பஸ் இருக்கு. போனில பாத்தனான். நாங்கள் ட்ரெயின் எடுத்து வீட்டை போறம்."

அவர் அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காலையில் சொன்னதைப் போல, விசர்க்கதை என்பார்.

"ஓம்... அது லேசுதான்" என்றார் பெரியப்பா. "ஒரு பஸ், பிறகு ட்ரெயின். நேரை போய் இறங்கலாம்."

கஜன் ஏற்கெனவே தங்கள் பையைத் தோளில் மாட்டியிருந்தான். துளசி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கட பயணத்தைக் குழப்பிப்போட்டம், என்ன?" அம்மாவும் நானும் ஒரே குரலில் "சீச்சீ" என்றோம். எங்கள் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

பெரியம்மா முன்னிருக்கையிலிருந்து தன் கைப்பையை எடுத்தார்.

"நானும் அவையோட போறன்."

"நீர் ஏன்?" என்றார் பெரியப்பா. "ரெண்டு பேர் இறங்கினாக் காணும்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். துணியை மடிக்கத் தொடங்கினார்.

"அப்ப கணக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் பெரியம்மா. அவர் குரலை உயர்த்தவில்லை. "காலமையே தெரிஞ்சிருக்கு. வீட்டு வாசல்ல சொல்லியிருந்தா, இதுகள் உடுப்பை மாத்திக்கொண்டு உள்ளுக்கை போயிருக்குங்கள். இவ்வளவு தூரம் ஏத்திக்கொண்டு வந்து றோட்டிலையோ இறக்கிறது?"

"நான் ஆரையும் இறங்கச் சொல்லேல்லையேயப்பா."

"ஓம். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களாத்தான் இறங்கினனாங்கள்."

அவர் பிறகு துளசியின் கையைப் பிடித்தார். அது ஆறுதலுக்குப் பிடித்ததா, தெருவைக் கடப்பதற்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. மூவரும் வீதியின் மறுபக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றார்கள். அங்கே இருக்கை எதுவும் இல்லை. அம்மாவும் நானும் அவர்களுக்குப் பதிலாக இறங்கியிருக்கலாம். எங்களுக்கு ரொறன்ரோவில் வீடு இருந்தது. எனக்கு ஏரி புதிதல்ல. அம்மாவுக்கு ஏரியில் விருப்பமும் இல்லை. இந்த நியாயங்கள் எல்லாம் அன்றும் எனக்குத் தெரிந்தே இருந்தன. படுக்கையறையை வாங்கிக்கொண்ட குடும்பம், அதை விட்டுக்கொடுத்தவருக்குத் தரையில் நித்திரை வந்ததா என்று கேட்டறியாத குடும்பம், மறுபடியும் வாகனத்தில் ஏறிக்கொண்டது.

திரும்பிவிடலாமா என்று அம்மா கேட்டார். பெரியப்பா வாகனத்தை எடுத்தார்.

அதற்குப் பிறகு வண்டி மிக நன்றாக ஓடியது. ட்ரெய்லர் ஆடவேயில்லை, பின்பகுதி சமமாக இருந்தது, மஞ்சள் சீட்டின்படி எல்லாம் முறையாக இருந்தது. எத்தனையோ பாரவூர்திகள் எங்களைக் கடந்தன. ஒன்றும் ஆகவில்லை. முன்னிருக்கை வெறுமையாக இருந்தது. அம்மாவோ நானோ அங்கே போய் இருக்கவில்லை. போய் இருக்கும்படி அவரும் சொல்லவில்லை.

துளசியும் கஜனும் அடுத்த மாதம் வேறிடம் போய்விட்டார்கள். போகும்போது பேஸ்மென்ற் தரையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனதாகப் பெரியம்மா சொன்னார். பெரியப்பாவை இப்போது நாங்கள் விழாக்களில் மட்டும் காண்கிறோம். வாசலில் நிற்கிறார், கேட்கிறார். எங்களிடம் கார் இருக்கிறது என்று அவர் கேட்கும் முன்பே அப்பா சொல்லிவிடுவார். அவரை வெறுக்க எனக்கு இயலவில்லை. அவர் திறந்த கதவால் உள்ளே வந்தவள் நான். ஆனால் அவரைக் காணும்போது முதலில் என் பார்வைதான் தாழ்கிறது.

அன்று மாலை பூங்காவின் நுழைவாயிலை அடைந்தபோது, சாவடியிலிருந்த பெண் சன்னலைத் திறந்து பதிவைச் சரிபார்த்தாள். என்னைவிடச் சற்று இளையவள். வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. இன்றைக்கு ஆறு பேர் என்று பதிவு இருக்கிறதே என்றாள். குனிந்து, அவருக்கு அருகே இருந்த வெற்றிருக்கையைப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த எங்களைப் பார்த்தாள். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பெரியப்பா ஸ்ரியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அவர் வாய் திறக்கும்வரை அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யேஸ்" என்றார். "யேஸ், யேஸ். வருகினம்."

கடைசிச் சொல்லைத் தமிழில் சொன்னார். அந்தப் பெண் விளங்கியதுபோலத் தலையசைத்து, அவர்கள் வந்ததும் இதே இடத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். அவர் அவளுக்கு நன்றி சொன்னார்.